கல்லெழுத்தில் ஒரு பொங்கல் வாழ்த்து

பொங்கலுக்கு மறுநாள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் ஊரில் இருப்பதில்லை. பாரிவேட்டைக்குப் புறப்பட்டுவிடுவார். வாலாஜாபாத்தை அடுத்த பழைய சீவரத்தில் மலைமேல் ஏறி, மண்டபத்தில் இளைப்பாறி, அவ்வூர் லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். சாலவாக்கத்திலிருந்தும் காவாந்தண்டலத்திலிருந்தும் பெருமாள்கள் வந்து சேர்வார்கள். உள்ளூர் அப்பன் வெங்கடேசப் பெருமாளையும் சேர்த்தால் ஐந்து பெருமாள்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த இடத்தில் அன்று சுற்றுவட்டாரமே திரண்டு நிற்கும்.

அந்தக் கூட்டத்தோடு கோயிலுக்குள் போகிறவர்கள் சுவர்ப் பக்கம் ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். வீரராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. அவன் பட்டத்துக்கு வந்தது 1063-இல். அப்படியென்றால் அந்த எழுத்துக்கு வயது ஏறக்குறைய 950. மொத்தம் 55 வரிகள். தமிழும் கிரந்தமும் கலந்து ஓடும் நீள நீளமான வரிகள்.

இந்தக் கட்டுரை கையால் செய்யும் வாழ்த்து அட்டையைப் பற்றியது. அதில் கல்வெட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தாளை அழுத்தி உருவத்தை எழுப்புவது, அதன்மேல் மை ஒற்றுவது. கையால் அட்டை செய்கிறவர்களின் வேலையில் பாதி இந்த இரண்டுதான். இதே இரண்டையும் 130 ஆண்டுகளுக்கு மேலாக நம் கோயில் சுவர்களில் ஒரு தொழிலாகவே செய்துவருகிறவர்கள் கல்வெட்டுப் படியெடுப்பவர்கள். அவர்கள் எடுப்பதற்கு மைப்படி என்று பெயர். ஒரு நல்ல மைப்படியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு கடையில் விற்கும் எந்த எம்போஸிங் அட்டையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அட்டை செய்யும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது மைப்படியைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கடையில் இன்று கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, உலர் முறை. அச்சுத் தகட்டின்மேல் தாளை வைத்து, உருண்டை முனையுள்ள குச்சியால் ஓரங்களில் அழுத்துவார்கள். குச்சி இல்லையென்றால் எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலே போதும். தாளைத் திருப்பினால் பூவோ பறவையோ மேடாக எழுந்து நிற்கும். இன்னொன்று, சூட்டு முறை. சீக்கிரம் உலராத மையில் முத்திரை குத்தி, ஈரம் காய்வதற்குள் பிசின் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடான காற்றைக் காட்டுவார்கள். தூள் உருகிப் பளபளவென்று மேடு கட்டும். விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் விரலுக்குத் தட்டுப்படும் எழுத்துகளில் பல இந்த வழியில் வந்தவை. பார்வைக்கு அழகுதான். ஆனால் அங்கே மேடாவது தூள். தாள் படுத்தேதான் கிடக்கிறது.

மைப்படியில் தாளே எழுகிறது, அதுவும் நீரின் உதவியால். தாள் என்பது நாரிழைகளின் பின்னல். உலர்ந்திருக்கும்போது இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். நனைந்தால் பிடி தளரும், இழைகள் நகர்ந்து கொடுக்கும். அந்த நேரத்தில் அதைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு அங்கேயே காயவிட்டால், இழைகள் புது இடத்தில் மறுபடி பிணைந்துகொள்ளும். பிறகு உரித்து எடுத்தாலும் தாள் அந்த வடிவத்தை மறக்காது. உலர்ந்த தாளை வலுவாக அழுத்தினால் இழை அறுந்துபோவதும், நனைந்த தாள் கிழியாமல் வளைந்து கொடுப்பதும் இதனால்தான். வீட்டில் அட்டை செய்கிறவர்கள் பலர் இந்த ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. முரட்டு பலத்தைக் காட்டித் தாளைக் கிழித்துவிட்டு, தாள் சரியில்லை என்பார்கள்.

இனி கோயில் சுவருக்கு வருவோம். படியெடுப்பவர் முதலில் கல்லைக் கழுவுவார். பாசி, தூசி, பழைய எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் எழுத்துக்குள் அடைந்து கிடக்கும். தண்ணீர் விட்டு, எழுத்தின் விளிம்பு சிதையாமல், பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அடுத்து, அளவுக்கு வெட்டிய தாளைத் தண்ணீரில் நனைத்து இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் ஒட்டுவார். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பயன்படுவது மேப்லித்தோ தாள். உள்ளே காற்று நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடம் எழுத்தில் படியாது, உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்றுவார்.

அதன் பிறகு அடி தொடங்கும். கெட்டியான மயிர் நெருக்கமாக வைத்த பிரஷ்ஷை நேராகப் பிடித்து, தாளின்மேல் தட்டிக்கொண்டே போவார். சாய்த்துப் பிடித்தால் தாள் கிழியும், மெதுவாகத் தட்டினால் எழுத்தின் அடிவரை தாள் இறங்காது. தட்டத் தட்ட, வெற்றுத் தாளில் 'க'வும் 'ர'வும் பள்ளமாகத் தெரியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் மை எதுவும் இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, நிழலால் மட்டுமே தெரிகிற எழுத்து. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கல்வெட்டு ஆய்வாளர்கள் பலர் கனமான தாளில் இந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். மை இடாத அந்த அழுத்தப் படியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்கள்.

நம் முறையில் மை உண்டு. தாளின் ஈரம் பாதி வற்றியிருக்கும் வேளை பார்த்து, பஞ்சை உள்ளே வைத்துத் துணியால் இழுத்துக் கட்டிய மை ஒற்றியை எடுப்பார்கள். கரித்தூளும் பிசினும் கலந்த மையை முதலில் ஒரு பலகையில் தட்டிச் சீராக்கிக்கொண்டு, பிறகு தாளின்மேல் லேசாக ஒற்றிக்கொண்டே வருவார்கள். மேட்டுப் பகுதியெல்லாம் கறுக்கும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாகவே நிற்கும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவும், மொத்தமாகக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டுப் பிரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் தொழில். வெயிலில் அது சில நிமிடங்களில் போய்விடும், மழைக்காலத்தில் வந்து சேரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

நன்றாக உலர்ந்ததும் மெல்ல உரித்து எடுத்தால், கறுப்பு வானத்தில் வெள்ளை எழுத்து. திருப்பினால் பின்பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தும் இடவலம் மாறி மேடாக எழுந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால், 950 ஆண்டுகளுக்கு முன் உளி எந்த இடத்தில் ஆழமாக இறங்கியது, எந்த வளைவில் திரும்பியது என்று தெரியும். புகைப்படம் இதைத் தராது.

பனையோலையில் எழுதிய பழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. எழுத்தாணியால் ஓலையைக் கீறிவிட்டு, கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைப்பார்கள். கரி கீறலுக்குள் மட்டும் தங்கும். அங்கே பள்ளம் கறுப்பு, மேடு வெளுப்பு. மைப்படியில் மேடு கறுப்பு, பள்ளம் வெளுப்பு. கரி ஒன்றே, பள்ளமும் ஒன்றே, விளைவு நேர் எதிர். அட்டை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு அழகுகள்.

சீனர்களுக்கு இந்தக் கலை மிகப் பழையது. தாங் வம்சப் பேரரசர் தைஸோங் வெந்நீர் ஊற்றைப் பற்றி எழுதிக் கல்லில் வெட்டுவித்த வாசகத்தின் மைப்படி ஒன்று துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. அதில் 653-ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு இருக்கிறது. இன்று பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் உள்ளது. மூலக் கல் போய்விட்டது, தாள் பிழைத்திருக்கிறது.

நம்மிடம் இந்த வேலை முறையாகத் தொடங்கியது 1886-இல். யூஜென் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் கல்வெட்டுப் பணிக்கு நியமிக்கப்பட்டார். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-இல் வந்தது. பிறகு வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி என்று வரிசையாக வந்தவர்கள் ஊர் ஊராக ஆளனுப்பிப் படியெடுக்கச் செய்தார்கள். திருமுக்கூடல் கல்வெட்டின் படி 1915-இல் எடுக்கப்பட்டது. அதை வைத்துப் படித்து, விளக்கி, 'எபிகிராபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியில் வெளியிட்டவர் கே.வி. சுப்ரமணிய ஐயர். படித்துப் பதிப்பித்தவரின் பெயர் நூலில் நிற்கிறது. ஆற்று மணலைக் கடந்து தாள் கட்டையும் மைக் குடத்தையும் சுமந்து போய், சுவரோடு சுவராக நின்று தட்டி எடுத்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் நிற்பதில்லை. இவ்வளவு பெரிய கல்வெட்டில் ஒரு தாள் இரண்டு தாளோடு வேலை முடிந்திருக்காது. அந்தக் கைகளுக்குத் தமிழ்நாடு பட்டிருக்கும் கடன் பெரியது.

அவர்கள் தட்டி எடுத்துத் தந்தது என்ன? ஜனநாத மண்டபம் என்ற மண்டபத்தில் நடந்த ஒரு பள்ளியின் கணக்கு. இருக்கு வேதமும் யசுர் வேதமும் இலக்கணமும் அங்கே கற்றுத்தரப்பட்டன. பிள்ளைகளுக்குச் சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு, சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் உண்டு. பிள்ளைகளின் எண்ணெய்க் குளியலைக்கூட மறக்காமல் நிவந்தம் எழுதிவைத்த மனதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

பள்ளியோடு ஒரு மருத்துவமனை. வீரசோழன் ஆதுலர் சாலை என்று பெயர், 15 படுக்கைகள். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு நாளொன்றுக்கு 3 குறுணி நெல் வீதம் ஆண்டுக்கு 90 கலமும், கூடவே 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், தண்ணீர் கொண்டுவர ஒருவர், நாவிதர் ஒருவர். இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய். ஓர் ஆண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதிலேயே இருக்கிறது: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், லசுனாதி தைலம், கல்யாணக லவணம் என்று இருபது போல. காஞ்சிப் பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன இந்த வட்டாரத்தில் சோழர் காலத்தில் ஒரு மருத்துவமனை எப்படி நடந்தது என்பதை ஒரு சம்பளப் பட்டியல்போலத் தெளிவாக நமக்குக் காட்டியது அந்தத் தாள்தான். சுவரில் நேராகப் பார்த்துப் படிப்பது லேசான காரியமல்ல. பெரும்பாலும் புள்ளி இல்லை, குறில் 'எ'வும் நெடில் 'ஏ'வும் ஒன்றுபோல இருக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மேசையில் விரித்து வைத்து, நாள் கணக்கில் உற்றுப் பார்க்கத் தாள் வேண்டும்.

இப்படி எடுத்த படிகள் பிறகு ஊட்டிக்கும் அங்கிருந்து 1966-இல் மைசூருக்கும் போயின. மத்தியத் தொல்லியல் துறையின் சேகரிப்பில் 70,000-க்கும் மேற்பட்ட படிகள் சேர்ந்தன. அவற்றில் மிகப் பெரிய பங்கு தமிழ். தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன் பிறகு அவை சென்னைக்கு வரத் தொடங்கின. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கும்படி செய்வதுதான் அடுத்த வேலை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் 'சுத்தம்' செய்யும் வழக்கம் நம் கோயில்களில் பல காலம் இருந்தது. கல் பளிச்சென்று ஆகும், எழுத்து மழுங்கிப் போகும். பிறகு தடை வந்தது. தடை வருவதற்குள் எத்தனையோ சுவர்கள் ஊமையாகிவிட்டன. சுண்ணாம்பு, பெயின்ட், குழல் விளக்குக்காக அடித்த ஆணி, பக்தியோடு அப்பிய சந்தனம் எல்லாமே எழுத்தைத் தின்கின்றன. அப்படிப் போன இடங்களில் மிஞ்சியிருப்பது என்றோ ஒருவர் தட்டி எடுத்த தாள் மட்டுமே.

வாழ்த்து அட்டைக்கு வருகிறேன். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல், ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்து அச்சிட்டதுதான் முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்பார்கள். நம் வீடுகளுக்கு வந்தது பொங்கல் வாழ்த்து. சிவகாசி அச்சகங்களிலிருந்து கரும்பும் பானையும் மாடும், எம்.ஜி.ஆரும் சிவாஜியும், கட்சித் தலைவர்களும் முருகனும் வண்ணம் வண்ணமாக வந்து இறங்குவார்கள். மார்கழி பாதியில் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, குறைந்த தபால்தலையில் அனுப்புவோம். வந்ததையெல்லாம் நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடுவோம். செல்போன் வந்த பிறகு அந்தக் கயிறு அவிழ்ந்தது. இன்று பொங்கலன்று காலையில் வருகிற நூறு படங்களில் ஒன்றையாவது அனுப்பியவரின் கை தொட்டிருக்குமா?

கல்லெழுத்தில் ஏற்கெனவே ஒரு வாழ்த்து இருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். நிலமோ நெல்லோ கணக்கு எழுதப் போகிறவர்கூட, முதலில் படிப்பவருக்கு நலம் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்கு வந்தார். அட்டையில் பொறிக்க இதைவிட நல்ல இரண்டு சொல் எனக்குத் தெரியவில்லை.

செய்முறை கடினமில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கோயில் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. திருமுக்கூடல் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே படியெடுக்க அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் சிந்தும் மை கல்லில் ஊறினால் போகாது. வீட்டில் நமக்கு நாமே ஒரு கல் வெட்டிக்கொள்வோம். கல்சட்டி செய்கிற மாக்கல் துண்டு கிடைத்தால் நல்லது, மிக மென்மையானது, கூரான ஆணியே அதில் இறங்கும். இல்லையென்றால் பழைய கற்சிலேட்டு. அதுவும் இல்லையென்றால், குயவரிடம் ஈர மண் பலகை வாங்கி அதில் எழுதிக் காயவைத்துச் சுட்டுத் தரச் சொல்லலாம். அச்சுக் கட்டையும் ரப்பர் முத்திரையும் போல எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டியதில்லை. கல்லில் எப்படி எழுதினோமோ அப்படியே தாளின் முகத்தில் வரும். பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

தாளுக்கு என் பரிந்துரை பருத்தித் துணிக் கழிவில் செய்த கைத்தாள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் இதைச் செய்கிறது. பருத்தி இழை நீளமானது, நனைந்தாலும் எளிதில் கிழியாது. கெட்டி அட்டையை எடுக்க வேண்டாம், அது பள்ளத்தில் இறங்காது. மெல்லிய தாளில் படியெடுத்து, காய்ந்த பிறகு கெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது நாலு ஓரத்தில் மட்டும் பசை தடவ வேண்டும். முழுவதும் தடவி அழுத்தினால் பாடுபட்டு எழுப்பிய மேடெல்லாம் படுத்துவிடும்.

மைக்கு, எண்ணெய் விளக்கின்மேல் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சேர்க்கும் கரியே போதும். பாட்டிமார் கண்மைக்குச் சேர்த்த அதே வழி. ஊறவைத்துக் கரைத்த வேலம்பிசினில் அந்தக் கரியைக் குழைக்க வேண்டும். கரி வெயிலில் வெளுக்காது, அதனால்தான் நூறாண்டுப் படிகள் இன்றும் கறுப்பாக இருக்கின்றன. தண்ணீர் குறைவாக இருக்கட்டும். முதல் ஒற்றலை வேறொரு தாளில் தட்டிப் பார்த்துவிட்டு அட்டைக்கு வாருங்கள். மை ஒற்றியைத் தேய்க்கவே கூடாது, தூக்கித் தூக்கி ஒற்ற வேண்டும். முதல் சுற்றில் சாம்பல் நிறம்தான் வரும். காயவிட்டு இரண்டாம், மூன்றாம் சுற்றில் கறுப்பு கூடட்டும். அவசரப்பட்டு ஒரே சுற்றில் கறுப்பாக்க நினைத்தால் எழுத்துப் பள்ளத்துக்குள் மை வழிந்துவிடும்.

எழுத்தே மேடாகவும் கறுப்பாகவும் வேண்டும் என்றால், எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைச் செதுக்கி எடுக்க வேண்டும். இதற்கு மரம் நல்லது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் வடிவத்துக்குப் பஞ்சமே இல்லை. சேலைக் கரையிலும் உடலிலும் ஓடும் அன்னம், யாளி, இருதலைப் பட்சி, ருத்திராட்சம், மயில்கண் எல்லாம் சின்ன மரத்துண்டில் அழகாக வரும். அரக்குச் சிவப்பு மையில் இருதலைப் பட்சியை ஒற்றி, கீழே 'ஸ்வஸ்தி ஸ்ரீ'யைக் கறுப்பில் நிறுத்தினால், பட்டும் கோயிலும் ஒரே அட்டையில் வந்துவிடும். ஒரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தன் வீட்டுச் சேலைக் கரையிலிருந்தே ஒரு வடிவம் எடுத்துச் செதுக்கினால், அது எந்தக் கடையிலும் கிடைக்காத அட்டை.

பள்ளிகள் இதை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1961-இல் தொடங்கியது. இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் கல்வெட்டியல் படிப்பு வந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கல்வெட்டியல் துறை இருக்கிறது. படியெடுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கார்த்திகை மாதத்தில் அவர்களில் ஒருவரை வாலாஜாபாத், காஞ்சிபுரம் பள்ளிகளுக்கு அழைத்து, மாக்கல்லில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தால், பொங்கலுக்குள் அட்டைகள் தயாராகிவிடும். சோழர் கால எழுத்தில் பத்து எழுத்தாவது பிள்ளைகளுக்குப் பழகிவிடும்.

மத்தியத் தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பாரிவேட்டை நாளில் திருமுக்கூடல் கோயில் வளாகத்தில் அந்த 55 வரிகளின் மைப்படிப் பிரதியைப் பெரிதாக, நிமிர்ந்து பார்க்காமல் படிக்கிற உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் இன்றைய எழுத்தில் வாசகமும், அந்த 15 படுக்கைகளின் கணக்கும், மருந்துப் பட்டியலும் இருக்கட்டும். ஐந்து பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள், கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு என்ன சம்பளம் கொடுத்தார்கள் என்பதையும் படித்துவிட்டுப் போவார்கள்.